விசில் இல்லாத வண்டி

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல உளுந்துருச்சு. கேக்கோணும்னு கேக்கலீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காத எங்க கழட்டி வெக்கறது? உங்க ஆபீசுல ஒரு ஆளு. வேலைல கெட்டி, ஆனா லொள்ளு தாங்க முடியல. எல்லாரும் அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே நடக்க வேண்டியிருக்குது. அதுதானுங்களே? பாருங்க, சரியாச் சொல்லிட்டேன்.

நல்ல ஆளு பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கறீங்க. அப்படி ஆளுங்கள மேய்க்கறதுதான் என்ற பொளப்பே. உடுமலைல ஒரு பஸ் கம்பெனிங்க. பேரு வேண்டாம், கேசு நடக்குது. அதுல நான் மேனேஜரு. அதுக்கு முந்தி அதே கம்பெனில கண்டக்டரா இருந்தவன். பையத் தூக்கிக்கிட்டுப் படில தொங்குனவன் இன்னிக்கு சேர்ல உக்காந்திருக்கேன்னா சும்மாவா? ஆளப் புடிச்சு வேல வாங்கத் தெரியோணும். தாராபுரம் கோர்ட்டு ஸ்டாப்புல எறங்கறேன். சாட்சி சொல்லப் போறனுங்க. இன்னும் நேரம் கெடக்குது, சொல்றேன் கேளுங்க, உங்களுக்கும் உபயோகப்படும்.

எங்க கம்பெனில நாச்சிமுத்துன்னு ஒரு டிரைவரு. நான் மாப்ளைன்னு கூப்புடுவேன், அவரு என்னைய மாமாம்பாரு. சொந்தமெல்லாம் இல்லீங்க, ஒரே பக்கம், அவ்வளவுதான். ஓட்டறதுல அவர அடிச்சுக்க ஆளு கெடையாது. முன்னால போற வண்டிய எங்க முந்தோணும், எங்க உடோணும்னு அவருக்குத்தான் தெரியும். டைமிங்னா டைமிங். காலேஜ்ப் பசங்க மத்த வண்டியெல்லாம் காலியாப் போனாலும் ஏறாம அவருக்காக நிப்பாங்க. அவரு போட்டோவ ஸ்டிக்கர் போட்டு வண்டிப் பின்னாடி கண்ணாடில ஒட்டிருக்காங்கன்னாப் பாத்துக்குங்க. டிரைவருக்கு!

அப்படி ஒரு ஆளு இருந்தா லொள்ளு இருக்கத்தானுங்க செய்யும். என்ஜின் பக்கத்து சீட்டு அவரு கூட்டாளிங்களுக்குத்தான். கர்ப்பிணியே ஏறுனாலும் அது கெடைக்காது. அவரு லீவு போட்ட நாள்ல வேற டிரைவரு ஓட்டுனா, அடுத்த நாளு சீட்டக் கழுவி உட்டாத்தான் உக்காருவாரு. பாட்டுப் பொட்டி அவரே வாங்கி மாட்டுனது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் கொடம் கொடமா இருக்கும். பாட்டப் போட்டாருன்னா ரோட்டோரத்துல மேயற ஆடு துள்ளும். மொதலாளியம்மா ஒரு தடவ, 'கொஞ்சம் கொறச்சு வெக்கச் சொல்லுங்க'ன்னாங்க. நான் போய்ச் சொன்னேன். 'அப்ப அம்மாவையே வந்து ஓட்டச் சொல்லு மாமா'ன்னுட்டாரு. அம்மா அதோட உட்டுட்டாங்க. அவரு போனா வண்டி போச்சுன்னு அவங்களுக்கும் தெரியும். எதுத்த கம்பெனிக்காரன் எப்படா வருவாருன்னு மாலையோட நிக்கறான்.

கண்டக்டருங்கதான் அவருகிட்ட நிக்க மாட்டாங்க. ஒருத்தன் வருவான், ஓரியாட்டம் புடிப்பான், சண்ட போடுவான், போவான். அடுத்தவன அனுப்பி உட்டா அவனும் போவான். கடைசில வந்தவந்தான் திருமூர்த்தி. சின்னப் பையன், கல்யாணமாயி ஒரு வருசம் இருக்கும். டிகிரி படிச்சவன். படிச்சுப்போட்டு வேல இல்லாமக் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்திருக்கான். மரியாதையான பையன், அதுல கொற சொல்ல மாட்டேன். என்னைய சார்ம்பான். வயசானவங்க ஏறுனா கையப் புடிச்சு ஏத்துவான். ஒரு பைசா தப்பு வராது.

ஆனா விசிலு. அங்கதான் வந்துச்சு வெனை.

தம்பி, நீங்க தெனமும் பஸ்சுல போறீங்க, விசிலக் கவனிச்சிருக்க மாட்டீங்க. ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா எடு. அவ்வளவுதான் எங்க தொழில்ல பேச்சு. டிரைவருக்குப் பின்னாடி படி தெரியாது. எறங்கறவங்க எறங்கிட்டாங்களா, சீலை கீலை மாட்டிருக்குதா, பாக்கறது கண்டக்டரு. அவன் ரெண்டு அடிச்சாத்தான் வண்டி நகரோணும். நான் கண்டக்டரா இருந்தப்ப என்ற விசிலு சத்தம் அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் கேக்கும்பாங்க. கோயில் நோம்பிக்குக் கூட அதக் கழுத்த உட்டுக் கழட்டுனதில்ல நான்.

முந்தி இருந்த கண்டக்டருங்க எல்லாருந்தான் ஊதுனாங்க. நாச்சிமுத்து ஒண்ணும் சொன்னதில்ல. சண்டையெல்லாம் வேற வேற காரியத்துக்கு. இந்தப் பையன் விசிலுதான் அவருக்கு ஆகல. ஏன்னு நான் தோண்டிக் கேக்கலீங்க. பையன் எந்தப் பக்கத்துல இருந்து வர்றான்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, அதப் பேசுனா வம்பு. நான் அதெல்லாம் பாக்கற ஆளு கெடையாது, அதையும் சொல்லிப்போடறேன்.

ஒரு நாளு பஸ் ஸ்டாண்டுல வண்டி நெறைய ஆளு. எடுக்கற நேரம் ஆயிப்போச்சு, வண்டி நிக்குது. எனக்குப் போன் வந்துச்சு. டிவிஎஸ்ச எடுத்துக்கிட்டு ஓடுனேன். பாத்தா இவரு டீக்கடைல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. சாவி கையில சுத்துது.

'என்ன மாப்ள, சனம் கத்துது, எடுக்கலியா?'

'மாமா, அந்த விசிலு இனி என்ற காதுல கேக்கக் கூடாது. நாயக் கூப்புடறாப்பல ஊதறான். அவன் ஊதுனா நான் நிக்கோணுமா? அவன் ஊதுனா நான் எடுக்கோணுமா?'

'விசிலுன்னா அப்படித்தான மாப்ள? காலங்காலமா அதுதான?'

'அப்ப அவனையே ஓட்டச் சொல்லு.' பக்கத்துல உக்காந்திருந்த என்ற மடில சாவியத் தூக்கிப் போட்டாருங்க.

இப்ப நீங்க சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணிருப்பீங்க? சத்தம் போட்டிருப்பீங்க. அதுதான் தப்பு. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட மொறச்சா முறிஞ்சு போயிரும். நான் கத்துக்கிட்டது என்னன்னா, ரெண்டு பேரு மோதுனா எவன் வளைவானோ அவனத்தான் வளைக்கோணும். நிமுந்து நிக்கறவன வளைக்கப் போனா நம்ம கைதான் நோகும். இத உங்க ஆபீசுல செஞ்சு பாருங்க, அன்னிக்கே வேல நடக்கும்.

நேரா பின்னாடி படிக்கிட்டப் போனேன். பையன் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தான்.

'திருமூர்த்தி, விசிலக் குடு.'

'எதுக்குங்க சார்?'

'குடு, சொல்றேன்.'

கழுத்துல இருந்து கழட்டிக் குடுத்தான். 'இனிமே வாயில சொல்லு. போலாங்ண்ணான்னு மரியாதையாச் சொன்னா அவரு கேக்காமயா போயிருவாரு?'

'பாட்டு சத்தத்துல கேக்காதுங்க சார்.'

'சத்தமாச் சொல்லு.'

'அவசரத்துக்கு நிறுத்தோணும்னா?'

'தகரத்தத் தட்டு. கை இருக்குதல்லோ?'

வண்டி கெளம்பிருச்சு. சனம் ஏறி உக்காந்துச்சு, பாட்டு ஓடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் மொதலாளியம்மா கூப்புட்டு, 'நீங்க இல்லீன்னா இந்தக் கம்பெனி இல்லீங்க'ன்னாங்க. ஆபீசுல எல்லாரும் இருக்கறப்பச் சொன்னாங்க. எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சு. விசிலு என்ற டிராயருக்குள்ள போயிருச்சு.

கொஞ்ச நாளு ஒரு தொந்தரவும் இல்ல. அப்பறம் பையன் ஆபீசுக்கு வந்தான். 'சார், விசிலக் குடுத்துருங்க சார். நேத்து ஒரு அம்மா எறங்கறதுக்குள்ள எடுத்துட்டாருங்க. நான் புடிச்சு உள்ள இழுத்தனால தப்பிச்சாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க சார்'ன்னான். 'நீதான் படிச்சவன், நீதான் அனுசரிச்சுப் போகோணும். நல்லாப் பாத்து எறக்கி உடு'ன்னேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான். பாத்தீங்களா, இவனுக்கும் லொள்ளுதான். ஒருத்தன் கத்தற லொள்ளு, ஒருத்தன் மூஞ்சியத் தூக்கற லொள்ளு. நடுவுல கெடந்து சாகறது நானு. எனக்கு பிரஷர் வந்ததே இவங்களாலதான்.

அதுக்கப்பறம் என்ன பண்ணான் தெரியுங்களா? மாரியாத்தா நோம்பிக் கடைல விக்குமே பிளாஸ்டிக் விசிலு, கொழந்தைங்க ஊதறது, செவப்புக் கலர்ல. அத வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்திருக்கான். ஒரு ஸ்டாப்புல அவசரத்துக்கு எடுத்து ஊதிப்போட்டான். கெழவனாரு ஒருத்தரு படில தடுமாறுனாராம். நாச்சிமுத்து வண்டிய நடு ரோட்டுல நிறுத்திப்போட்டு எனக்குப் போன் பண்றாரு. 'மாமா, நீ அவங்கிட்டச் சொன்னியா இல்லியா? உன்ற பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பா?'

அது எனக்குச் சுருக்குன்னு பட்டுருச்சுங்க. நம்ம பேச்சு. பையனக் கூப்புட்டு அந்த விசிலையும் வாங்கிக்கிட்டேன். 'இன்னொருக்கா ஊதுனீன்னா பையக் குடுத்துட்டுப் போயிரு'ன்னுட்டேன். அவன் கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனான். அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அடுத்து நடந்ததச் சொல்லோணும். சொல்லாம இருக்க முடியாது.

வேலாங்காட்டுப்புதூர் பிரிவு ஸ்டாப்பு. மத்தியானம். சரசாள்னு ஒரு புள்ள, பனியன் கம்பெனில வேல பாத்துட்டு ஷிப்ட் முடிஞ்சு வருது. புருசன் பைக்க நிறுத்திக்கிட்டு ஸ்டாப்புல நிக்கறான், கூட்டிக்கிட்டுப் போக. அது பின்னாடி படில எறங்குது. ஒரு காலு கீழ, ஒரு காலு படில. சீலத் தலப்பு படிக்கிட்ட இருக்கற கம்பில மாட்டிக்கிச்சு. திருமூர்த்தி அத எடுத்து உடறதுக்குக் குனிஞ்சிருக்கான். அவன் போலாம்னு சொல்றதுக்குள்ள வண்டி நகந்துருச்சு.

அவன் கத்திருக்கான். தகரத்தத் தட்டிருக்கான். நான் சொன்னபடிதான் தட்டிருக்கான், அதையும் சொல்லோணுமில்ல. ஆஸ்பத்திரில பாத்தேன், ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டிருந்தான், தோலெல்லாம் உரிஞ்சிருந்துச்சு. உள்ள இருந்த சனமும் கத்திருக்குது. பாட்டுச் சத்தமுங்க. பாட்டுக்கு ஏத்தாப்பல பசங்க முன்னாடி கையத் தட்டிக்கிட்டு வந்திருக்காங்க, இவரு எதைன்னு நெனப்பாரு? புருசங்காரன் பின்னாலயே ஓடி வந்திருக்கான், பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே. அடுத்த வளைவுலதான் வண்டி நின்னுச்சு.

அந்தப் புள்ள அங்கயே போயிருச்சுங்க.

என்னால ரெண்டு நாளு சோறு திங்க முடியல. நானும் மனுசந்தான? எழவுக்குப் போனேன், கம்பெனி சார்பா மாலையும் நாந்தான் போட்டேன். அந்தப் புள்ளையோட புருசன் என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'ஏனுங்க, உங்க வண்டில விசிலே இல்லீங்களா?'ன்னு கேட்டான். துக்கத்துல இருக்கறவன் என்னமோ கேக்கறான்னு, 'வெசனப்படாதப்பா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

போலீசு ரெண்டு பேரு மேலயும் கேசு போட்டுருச்சு. நாச்சிமுத்து என்ன சொன்னாரு? 'போலாம்னு கேட்டாப்பல இருந்துச்சு, எடுத்தேன். விசிலு வந்தா நான் நிறுத்தியிருப்பேன். எனக்கு விசிலே வரல'ன்னாரு. அதுல பொய் இருக்குதுங்களா? இல்ல. விசிலு வரலதான. கம்பெனி வக்கீலு நல்லா வெவரம். 'டிரைவரு கண்டக்டர் விசிலக் கேட்டுத்தான் ஓட்டறாரு. விசில் அடிக்க வேண்டியது கண்டக்டரு. அடிக்கல. இதப் புடிச்சுக்கிட்டாப் போதும். டிரைவரு தப்பிப்பாரு, பெர்மிட்டும் தப்பிக்கும்'னாரு. இன்னிக்கு என்னையக் கூண்டுல ஏத்தி ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க. சம்பவம் நடந்தப்ப கண்டக்டர்கிட்ட விசில் இருந்துச்சான்னு. இல்லீங்கன்னு சொல்லப் போறேன். அது சத்தியமான உண்மை. சாமி மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

ஏன் இல்லைன்னு அந்தப் பையனோட வக்கீலு கேக்கலாம். எலவசமா வாதாடறதுக்கு கோர்ட்டுல குடுத்த ஆளு, சின்னப் பொண்ணு. கேட்டா, 'ஞாபகம் இல்லீங்க'ன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. எனக்கு வயசாச்சு தம்பி. சுகரு, பிரஷரு. ஞாபகம் இல்லாமப் போறது ஒரு குத்தமா?

அந்தப் பையன் இப்பத் தேங்காக் களத்துல மட்டை உரிக்கப் போறான். அந்தக் கைய வெச்சுக்கிட்டு. தண்டனை ஆச்சுன்னா ஜெயிலு, அப்பறம் கண்டக்டர் வேலைய நெனச்சே பாக்க முடியாது. அவன் பொண்டாட்டி போன வாரம் ஊட்டுக்கு வந்துச்சு. மாசமா இருக்குது, வயிறு தெரியுது. வாசல்லயே நின்னுக்கிட்டு, 'சார், உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கலீங்க. நடந்தத நடந்தாப்பலச் சொல்லிருங்க. விசில நீங்கதான் வாங்கி வெச்சீங்கன்னு ஒரே வார்த்தை. எங்களுக்கு அது போதுங்க'ன்னுச்சு.

நான், 'பாக்கலாம் அம்மணி, போய்ட்டு வா'ன்னு நல்லாத்தான் பேசி அனுப்புனேன். அது திரும்பறதுக்குள்ள என்ற ஊட்டுக்காரி வந்து அதக் கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டா. சமையக்கட்டுல உக்கார வெச்சு சோறு போட்டிருக்கா. நம்ம தட்டுலயே. ஏதாச்சும் சொன்னா சாதி பாக்கறேம்பா. வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

அன்னில இருந்து அவ எங்கிட்டப் பேசறதில்லீங்க. சோத்த வெப்பா, தண்ணி வெப்பா, போயிருவா. எனக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன குடிக்கிறனா, கூத்தடிக்கிறனா? இத்தன வருசமா ரெண்டு பக்கமும் அடி வாங்கிக்கிட்டு எல்லாரையும் அனுசரிச்சு ஓட்டறேன், ஊட்டுலயும் இப்படி ஒரு ஆளு. இன்னிக்குக் கெளம்பறப்ப மட்டும் வாயத் தொறந்தா. 'அந்தப் பையனோட விசிலு எங்க?'ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. நான் பதில் சொல்றதுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டா.

நாச்சிமுத்துங்களா? ஓட்டறாரே. ஜாமீன் எடுத்துக் குடுத்ததும் வந்து ஏறிட்டாரு. மொதல் நாளு பின்னாடி படி தெரியறாப்பல கண்ணாடிய மட்டும் பெருசாப் போடச் சொன்னாரு, போட்டுக் குடுத்தோம். பாட்டா? கொஞ்ச நாளு இல்லாம இருந்துச்சு. பசங்க கேட்டாங்கன்னு இப்பத் திரும்பப் போடறாரு. அவரையும் பாவம்னுதான் சொல்லோணும். அன்னிக்கு ராத்திரி என்ற தோள்ல சாஞ்சு அழுதாருங்க. 'மாமா, நான் என்ன பண்ணுவேன், அவன் விசிலு அடிக்கலயே'ன்னு அழுதாரு.

என்ன கேட்டீங்க? விசில நாந்தான வாங்குனேன்னா?

வாங்கித்தான வெச்சேன். புடுங்கல. ரெண்டும் ரெண்டுங்க தம்பி. அந்த எடத்துல நீங்க இருந்திருந்தாத் தெரியும். வண்டி நெறைய சனம் கத்துது, சாவி மடில கெடக்குது, மொதலாளியம்மா போன்ல இருக்காங்க. யோசிக்க எங்க நேரம்? எல்லாரும் முடிஞ்சதுக்கு அப்பறம் வந்து கேள்வி கேப்பாங்க. நீங்களும் என்ற ஊட்டுக்காரியாட்டவே பாக்கறீங்களே!

சரி, உடுங்க. மாத்திரை போடற நேரமாச்சு. பேசுனா எனக்குப் படபடன்னு வந்துரும். தண்ணி இருக்குதுங்களா? குடுங்க, புண்ணியமாப் போகும்.

அட, இது எங்க மாத்திரையோட சேந்து வந்துச்சு? ஆமாங்க, அதேதான். நோம்பி விசிலு. அன்னிக்கு வாங்கிச் சட்டப் பையில போட்டது. சட்டைய மாத்தறப்பயெல்லாம் இதையும் எடுத்து மாத்திக்கிட்டே இருக்கேன் போலிருக்குது. தூக்கிப் போடோணும்னு நெனக்கிறது, மறந்துருது. பாக்கறீங்களா? பாருங்க. இத்துனூண்டு. இதுல என்ன சத்தம் வந்திரும்னு இவ்வளவு அக்கப்போரு?

ஐயோ, வாயில வெக்காதீங்க! ஊதிப்போடாதீங்க தம்பி. வண்டி நின்னுரும்.

குடுங்க. குடுங்க இங்க. பையிலயே கெடக்கட்டும்.

கோர்ட்டு வந்துருச்சு. வர்றனுங்க தம்பி. நான் சொன்னத மறந்துராதீங்க, எவன் வளைவானோ அவனத்தான். கொஞ்சம் காலத் தள்ளுங்க, நான் எறங்கிக்கறேன். ஏப்பா கண்டக்டரு, எறங்கோணும்! ஏ தம்பி, போன அப்பறமாப் பாப்பியாம், இங்க ஒரு ஆளு படில நிக்கறது தெரியல? விசிலடிப்பா! காலு கீழ படறதுக்குள்ள எடுத்துப்போட்டான்னா ஆருப்பா பதில் சொல்றது? அடி, விசிலடி!